அனுப்பும் முன் ஒரு நிமிஷம்: கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சொந்த விவரங்களை நீக்குவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலை விலைக்காக மனு எழுதினால் பெரும்பாலும் என்ன செய்வோம்? பழைய மனுவை பிரவுசிங் சென்டரில் திறந்து, தேதியையும் தொகையையும் மாற்றி, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். திரையில் தெரிவது மனு மட்டும்தான். ஆனால் முதலில் டைப் செய்தவர் பெயர், கடைசியாகத் திருத்தியவர் பெயர், ஓரத்துக் கமெண்ட்கள், ட்ராக் சேஞ்சஸ் (திருத்தங்களைப் பதிந்து வைக்கும் வசதி) போட்டிருந்தால் நீக்கிய வரிகள்கூட அதோடு சேர்ந்தே போகும். 2003-ல் பிரிட்டன் பிரதமர் அலுவலகம் இராக் பற்றி வெளியிட்ட வேர்டு கோப்பிலிருந்தே, அதைத் திருத்தியவர்களின் பெயர்கள் வெளியே வந்தன.

முதலில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து ஒரு நகல் எடுங்கள். நீக்கியதைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். அதனால் அசலில் கை வைக்க வேண்டாம்.

நகலை வேர்டில் திறந்து ‘ரிவ்யூ’ பகுதிக்குப் போய், ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பிறகு ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று வரிசையாகப் போய் ‘இன்ஸ்பெக்ட்’ அழுத்துங்கள். வருகிற பட்டியலில் ஆசிரியர் பெயர், கமெண்ட் ஆகியவற்றுக்கு எதிரே ‘ரிமூவ் ஆல்’ கொடுக்கலாம். ‘ஹெடர்ஸ், ஃபுட்டர்ஸ்’ வரிக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்: பக்கத்தின் தலையில் சங்கத்தின் பெயரும் முகவரியும் இருந்தால் அதுவும் போய்விடும்.

வேர்டுக்குப் பதில் லிப்ரேஆபிஸ் என்றால் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ் போய், ‘அப்ளை யூசர் டேட்டா’ டிக்கை எடுத்துவிட்டு, ‘ரீசெட்’ அழுத்தினால் பெயர் விவரங்கள் போய்விடும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது எக்செல்தான். உறுப்பினர் பட்டியலில் வங்கிக் கணக்கு எண் உள்ள நெடுவரிசையை ‘ஹைட்’ செய்து அனுப்புகிறோம். வாங்குபவர் ‘அன்ஹைட்’ கொடுத்தால் அத்தனை பேர் எண்ணும் வந்து நிற்கும். நம்மை நம்பிக் கொடுத்த எண்கள் அவை. நகலில் அந்த நெடுவரிசையையே டெலிட் செய்யுங்கள்.

இதே கதைதான் கறுப்புப் பெட்டிக்கும். பிடிஎஃப்பில் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தாலும், அந்த இடத்தை செலக்ட் செய்து காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டினால் எண் பல நேரம் அப்படியே விழும். வேர்டிலேயே எண்ணை அழித்துவிட்டு, அதன்பின் பிடிஎஃப் ஆக்குங்கள். ஆதார் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கிறது. ஆதார் படத்தை வேர்டில் ஒட்டி க்ராப் செய்திருந்தால், வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கும். ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ போய் ‘டெலிட் க்ராப்டு ஏரியாஸ்’ தேர்ந்தெடுங்கள்.

தோட்டத்தில் எடுத்த போட்டோவைத் தனியாக அனுப்பும்போது, லொகேஷன் ஆன் செய்து எடுத்ததானால் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் கூடவே போகலாம். விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ். கீழே ‘ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ்’ இருக்கும். வேர்டு கோப்பையும் சேவ் செய்து மூடியபின் இதே டீட்டெய்ல்ஸில் பாருங்கள். ‘ஆதர்ஸ்’ வரி காலியாக இருந்தால் அனுப்பலாம்.