கடற்கரையிலிருந்து கொடைக்கானல் ஏரிக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு முதல் தடவை கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்குத் தண்ணீர் புதிதல்ல. வடகடலையும் (பாக் விரிகுடா) தென்கடலையும் (மன்னார் வளைகுடா) பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே ஏரியைப் பார்த்ததும், "இது நம்ம ஊரணி மாதிரிதானே" என்று மனசு சொல்லும். அந்த நினைப்பை ஊரிலேயே இறக்கி வைத்துவிட்டு வண்டி ஏறுங்கள். கடல் பழகியவர்கள்தான் ஏரியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஏன் என்று படகுப் பகுதியில் சொல்கிறேன்.

1. நாள் குறிப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீடுகளில் ஆள் கரையில் இருப்பது அப்போதுதான், பிள்ளைகளுக்கும் விடுமுறை. ஆனால் தமிழ்நாடே மலையேறுவதும் அதே நாட்களில்தான். மே மாதம்தான் முடியும் என்றால் செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஏரிக்குப் போய்ச் சேரவே பாதி நாள் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும், மலைப்பாதையில் மண் சரியும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விடியற்காலையில் புல்மேல் உறைபனி படியும். பார்க்க அழகுதான், கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒத்துவராது.

2. இ-பாஸ்

சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ போனால் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் வந்த நடைமுறை இது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. வண்டி எண்ணையும் போகும் தேதியையும் கொடுத்து இணையத்தில் பதிந்து, தாளில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

3. பை கட்டுவது

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. அதாவது நம் ஊரைவிடப் பதின்மூன்று டிகிரி போலக் குறையும். சால்வை மட்டும் போதாது. காதை மூடும் குல்லாவும் காலுறையும் வேண்டும். குளிர்கிறதே என்று தொப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உயரத்தில் வெயில் சூடு தெரியாமலே தோலைக் கருக்கிவிடும்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே தடை. பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. மழைக்காலமாக இருந்தால் துணியில் ஒரு பிடி கல்லுப்பு முடிந்துகொள்ளுங்கள். சோலைப் பக்கம் அட்டை ஏறும், காலுறைமேல் உப்பைத் தேய்த்துவிட்டால் ஏறத் தயங்கும். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், அதன் வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும்.

4. மலை ஏறுவது

ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர், அங்கிருந்து கொடைக்கானல் இன்னொரு 120. நம் பேருந்து மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும். கொடைக்கானல் பேருந்து ஆரப்பாளையத்திலிருந்து கிளம்பும். நடுவில் டவுன் பஸ் பிடிக்க ஒரு மணி நேரம் கூட்டிக் கணக்குப் போடுங்கள். ரயிலில் போகிறவர்கள் 'கொடைக்கானல் ரோடு' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த ஸ்டேஷன் அடிவாரச் சமவெளியில், ஊருக்கு 80 கிலோமீட்டர் முன்னாலேயே இருக்கிறது.

வத்தலக்குண்டு தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். முப்பது வருஷம் கடலுக்குப் போன என் மாமா, ஒரு நாள்கூடப் படகில் வாந்தி எடுக்காதவர், வழியில் பெருமாள்மலை ஊர் வருவதற்குள் மூன்று தடவை வண்டியை நிறுத்தச் சொன்னார். கடலில் கண் தொடுவானத்தைப் பிடித்துக்கொள்ளும். வண்டிக்குள் கண்ணுக்கு எதிர் சீட்டுதான் தெரியும், காதுக்குள் இருக்கும் உறுப்போ உடம்பு வளைகிறது என்று சொல்லும். இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டல். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள். போனைத் தொடாதீர்கள். இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம்.

5. முதலில் சுற்றி நடங்கள்

போனவுடனே படகுக்கு வரிசையில் நிற்காதீர்கள். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் போலச் சாலை இருக்கிறது, நடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். வாடகை சைக்கிளும் கிடைக்கும். காலை ஆறரைக்குத் தண்ணீர்மேல் ஆவி எழும்புவதைப் பார்க்க வேண்டும். அரிசி உலையில் மூடியைத் திறந்தால் எழுமே, அப்படி மெதுவாக எழுந்து, ஆளுயரத்துக்கு வந்ததும் கரைந்துபோகும். கடற்கரையில் இந்தக் காட்சி கிடைக்காது.

இது இயற்கை ஏரி அல்ல. 1863-ல் மதுரை கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர், நட்சத்திரம் போலக் கை கையாகப் பிரியும். முதல் படகு தூத்துக்குடியிலிருந்துதான் வந்தது. நம் கடற்கரைப் படகு ஒன்று அந்தக் காலத்திலேயே மலையேறியிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏரிமேல் ஒரு உறவு தோன்றும்.

அதிகாலையிலும் அந்தியிலும் காட்டுமாடு சாலைக்கே வரும். போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள், அது கடக்கும்வரை நின்றுவிடுங்கள்.

6. படகு ஏறும் முன்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம், ஏரி நீர் 1,000 கிராம். அறுபது கிலோ ஆளுக்குக் கடல் கொடுக்கும் தாங்கலில் ஒன்றரைக் கிலோ ஏரியில் குறைந்துபோகும். மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கிறதா, உள்ளே போகிறதா என்பது அந்த ஒன்றரைக் கிலோவில்தான் இருக்கிறது. "கடல்ல மல்லாந்து படுத்தா மிதப்பேன்" என்கிற பையன் அங்கே அமிழ்ந்துபோகலாம். தண்ணீரும் குளிர், திடீரென விழுந்தால் மூச்சைத் தன்னால் இழுக்கும், அந்த மூச்சோடு தண்ணீரும் உள்ளே போகும். அடியில் நம் கடல்போல மணல் இல்லை, சேறும் பாசிக்கொடியும்தான். ஏரியில் குளிக்க அனுமதி இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று கரையோரம் இறங்கவும் வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டை வாங்கியதும் ஒவ்வொரு கிளிப்பையும் போட்டு இழுத்துப் பாருங்கள். பிறகு இன்னொருவரை உங்கள் பின்னால் நின்று, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, மாற்றிக் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அளவைச் சுருக்கிக் கட்டுவது கூடவே கூடாது.

நம் வத்தைப் படகில் நின்றுகொண்டு கம்பு ஊன்றிய பழக்கத்தில் மிதிபடகில் எழுந்து நிற்காதீர்கள். அது சின்னது, ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்ததுதான்.

காற்றையும் நம்பாதீர்கள். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று கடலில் பெயர் சொல்லிக் காற்றைக் கணிப்போம். மலை இடுக்கில் அது எந்தப் பக்கமிருந்தும் திரும்பும், கூடவே மூடுபனியும் இறங்கும். ஒரு தடவை மதியம் மூன்றரைக்கு நாங்கள் நால்வர் நடு ஏரியில் இருந்தோம். ஐந்து நிமிடத்தில் கரை மறைந்துவிட்டது. என் ஜாக்கெட்டில் ஒரு கிளிப் உடைந்திருந்தது. ஏறும்போதே பார்த்தேன், கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். அத்தான் மட்டும், "மிதிக்காதீங்க, காதைக் கொடுங்க" என்றார். சத்தம் அடங்கியதும் வலது பக்கம் குதிரைக் குளம்பொலி கேட்டது. அங்கேதான் சாலை. அந்த ஒலியை விடாமல் மெல்ல மிதித்துக் கரை சேர்ந்தோம். அன்றிலிருந்து காலை பதினொன்றுக்குள் படகை முடித்துவிடுகிறோம்.

7. இன்னும் ஒரு நாள் இருந்தால்

பேரிஜம் ஏரி காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி வாங்கி, குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகள் மட்டுமே போகலாம். யானை நடமாட்டம் இருந்தால் அன்று மூடிவிடுவார்கள், மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். பெரியகுளத்துக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரி அது. கால் நனைக்கவும் கூடாது, ஒரு பிஸ்கட் உறையும் போடக் கூடாது. குடங்களோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மன்னவனூர் ஏரி பூம்பாறை தாண்டி, கொடைக்கானலிலிருந்து 35 கிலோமீட்டர் போல. சுற்றிலும் புல்வெளி, பக்கத்தில் செம்மறி ஆராய்ச்சிப் பண்ணை, கூட்டமும் குறைவு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மன்னவனூரைத்தான் சொல்வேன்.

இறங்கும்போது டிரைவரிடம் ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஊர் வந்து சேர்ந்ததும் ஈரம் பட்ட ஸ்வெட்டரை அப்படியே பெட்டியில் மடித்து வைக்காதீர்கள். நம் உப்புக்காற்றில் இரண்டே வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். அலசி, மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டு எடுத்து வையுங்கள்.