படிப்பு ‘செட் ஆகல’ என்று தோன்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

முதல் இன்டர்னல் விடைத்தாள் கொடுத்த மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் யாராவது ஒருவர் வந்து நிற்பார். உள்ளே கூப்பிட்டால் தயங்கி வந்து, “மேம், எனக்கு இந்தக் கோர்ஸ் செட் ஆகல” என்பார். ஒரு பொறியியல் கல்லூரியில் 14 ஆண்டுகளாக வகுப்பு ஆலோசகராக இருக்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்காத ஆண்டே கிடையாது.

கட்-ஆஃபுக்குக் கிடைத்த பொறியியல் கிளை, மாமா சொன்ன கிளை, பக்கத்து வீட்டு அக்கா படித்த கிளை என்று வந்து சேர்ந்தவர்கள்தான் பெரும்பாலோர். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்ட ஒற்றை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் அவகாசத்தில், கலந்தாய்வில் கல்லூரியையும் கிளையையும் தேர்ந்தெடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கை முடித்தவர்கள். அவர்களுக்கு என்ன படிக்க ஆசை என்று அதற்கு முன்பு யாரும் கேட்டதுகூட இல்லை. அதனால் என்ன படிப்பது என்று தெரியவில்லை என்றால் அதை ஒரு குறையாக நான் நினைப்பதில்லை. அந்தக் குழப்பத்தின் பதற்றத்தில் செய்துவிடுகிற சில காரியங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

எது செட் ஆகவில்லை என்று பார்க்காமலே முடிவெடுப்பது

இதுதான் முதல் தவறு. நான் பார்த்ததில் மிக அதிகம் நடப்பதும் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒரு மாணவர் வந்தார். முதல் செமஸ்டரில் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ என்று ஒரு தாள் உண்டு. அதில் ஐம்பதுக்கு ஒன்பது. “எனக்கு மேத்ஸே வராது மேம், பி.ஏ. ஏதாவது சேர்ந்திருக்கணும்” என்றார். பிளஸ் டூவில் கணித மதிப்பெண் என்ன என்று கேட்டேன். 92. ஒரு தாளில் மூன்று வரிசை, மூன்று நிரலில் எண்களைப் போட்டு, “இதோட அணிக்கோவை மதிப்பைக் கண்டுபிடிப்பா” என்று நீட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சரியான விடை. “இதைத்தான் வகுப்பில் டிடர்மினன்ட்னு சொல்றாங்க” என்றேன். அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தேவைப்பட்டது வேறு கோர்ஸ் இல்லை, நடுவில் கோடு போட்ட ஒரு நோட்டு. இடப்பக்கம் வகைக்கெழு, வலப்பக்கம் டெரிவேட்டிவ். உந்தம் என்றால் மொமென்டம், முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன். செமஸ்டர் முடிவதற்குள் நோட்டு பாதிக்கு மேல் நிறைந்தது, தாளிலும் தேறிவிட்டார். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் பாடம் புரியாமல் தவிப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் பாடத்தின் பெயர் புரியாமல் தவிக்கிறார்கள். இதை யாராவது முதல் வாரமே அவர்களிடம் சொல்லியிருந்தால் எத்தனை பேர் தங்களையே மட்டம் தட்டிக்கொள்ளாமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

‘செட் ஆகல’ என்ற சொல்லுக்குள் இப்படிப் பல சங்கதிகள் ஒளிந்திருக்கும். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிற களைப்பாக இருக்கலாம். ஒரே ஓர் ஆசிரியர் மேல் உள்ள பயமாகவும் இருக்கலாம். அதனால் என்னிடம் வருகிறவர்களை இரண்டு வாரம் ஒரு காரியம் செய்யச் சொல்வேன். கால அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும்: புரியல, பிடிக்கல, தூக்கம், பயம், நல்லா இருந்துச்சு. இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் ‘புரியல’தான் நிறைய இருக்கும். புரியாததைச் சரிசெய்ய வழி இருக்கிறது. சீனியர் இருக்கிறார், பிளஸ் ஒன் புத்தகம் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். புரிந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால்தான் அது நிஜமான ‘செட் ஆகல’. அதை மதித்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, யாரோடும் பேசத் தோன்றவில்லை, வாழ்வதிலேயே பிடிப்பு இல்லை என்றால், அதைப் படிப்பில் ஊக்கம் இல்லாத பிரச்சினை என்று தள்ளிப்போடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம், எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

ஆர்வம் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பது

அலை ஓய்ந்து தலை முழுகுவது என்பார்களே, அதேதான். இதைச் செய்தவள் நான். எனக்குக் கிடைத்தது எலெக்ட்ரிக்கல். அப்பாவுக்குப் பெருமை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிடித்தால் படிக்கலாம் என்று இரண்டாம் ஆண்டு முழுவதும் நூலகத்தில் நாவல் படித்தே கழித்தேன். நான்கு அரியர் விழுந்தது.

அரியரை முடித்தே ஆக வேண்டும் என்ற பயத்தில்தான் சர்க்யூட் தியரியை முதல் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். தினமும் மாலையில் ஐந்து கணக்கு. மூன்றாவது வாரம் ஒரு கணக்கை விடையைப் பார்க்காமல் முடித்தபோது உள்ளே சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்தது. அடுத்த ஆண்டு ஆய்வகத்தில், கரன்ட் அளவை மீறினால் மின்சுற்றைத் துண்டிக்க வைக்கும் ஓவர்கரன்ட் ரிலே ஒன்றைச் சோதித்தோம். கரன்ட் ஏற ஏற அது சீக்கிரமாக ட்ரிப் ஆகும். எத்தனை விநாடியில் ட்ரிப் ஆகும் என்று நான் முன்கூட்டியே போட்ட கணக்கும் ஸ்டாப்வாட்ச் காட்டியதும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அன்று விடுதிக்குப் போனபிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆர்வம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தானோ என்று அப்போதுதான் தோன்றியது. வேலை பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அது வந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கை வைக்காத ஒன்றின் மேல் ஆர்வம் வந்ததாக இதுவரை ஒரு மாணவரும் என்னிடம் சொன்னதில்லை.

‘எனக்கு இது வேண்டாம்’ என்று அரியரைச் சேர விடுவது

பிடிக்காத படிப்பு என்றால் மதிப்பெண் எதற்கு என்று கேட்பார்கள். அந்த இடத்தை விட்டு வெளியே போகத்தான் மதிப்பெண் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி தியரி தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. வகுப்பை பங்க் அடித்து, அசைன்மென்ட் கொடுக்காமல் இன்டர்னலில் 12 வாங்கியவர், தேர்ச்சிக்கான மொத்தம் 50-ஐ எட்டுவதற்கு 60-க்கு 38 எடுத்தாக வேண்டும். அதுவும் பிடிக்காத பாடத்தில். 30 வைத்திருப்பவர் பதற்றமில்லாமல் போய் எழுதுவார். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். பிடிக்காத பாடத்தில் ஓ கிரேடு வாங்கச் சொல்லவில்லை. வகுப்பில் உட்காருவது, இன்டர்னலை விடாமல் எழுதுவது, நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது, இவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க உங்களுடையது.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், டிகிரி கையில் இருந்தால் திரும்புவதற்குப் பாதைகள் நிறைய. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கு எந்தப் பட்டமானாலும் சரி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-க்கும் அப்படியே. மூன்றாண்டு எல்.எல்.பி.க்குப் பொதுப் பிரிவினருக்கு எந்தப் பட்டத்திலும் 45 சதவீதம் போதும், மற்ற பிரிவினருக்கு அதற்கும் குறைவு. எம்.பி.ஏ.வுக்கான கேட் (CAT) தேர்வும் எந்தத் துறைப் பட்டதாரிக்கும் திறந்தே இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் எழுதும் இன்னொரு கேட் (GATE) தேர்வில் 2021 முதல் பொருளியல், உளவியல், மொழியியல் போன்ற பாடங்களைக் கொண்ட ஒரு தாளும் சேர்ந்திருக்கிறது. மெக்கானிக்கல் முடித்தவர் அந்தப் பக்கமும் போகலாம்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பரோடாவில் இயற்பியல் பட்டம், அமெரிக்காவின் ஒஹையோவில் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம். அதற்குப் பிறகு உயிரியல்தான் தன் இடம் என்று, முனைவர் பட்டம் வாங்கிய கையோடு சான் டியேகோவில் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009-இல் ரைபோசோம் ஆய்வுக்காக மூவர் பகிர்ந்துகொண்ட வேதியியல் நோபல் பரிசில் அவரும் ஒருவர். அவருடைய மேதைமை எல்லோருக்கும் வராது. ஆனால் கையில் இருந்ததை முடித்துவிட்டுப் பாதை மாறியது யாரும் செய்யக்கூடிய காரியம்.

பயத்தில் பணத்தைக் கொட்டுவது

மூன்றாம் ஆண்டு வரும்போது ஒரு தொற்றுநோய் போல இது பரவும். “டேட்டா சயின்ஸ் கத்துக்கலைன்னா வேலையே இல்ல மேம்” என்று சொல்லி, முன்பின் ஒரு வரி நிரல் எழுதிப் பார்க்காதவர்கள் தவணையில் பெரிய தொகை கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிடுவார்கள். இரண்டாவது மாதமே அதுவும் ‘செட் ஆகல’. தவணை மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதைக் கட்டுவது பெரும்பாலும் அம்மாவின் மகளிர் குழுக் கடன்.

ஒன்று பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை. ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல்.லில் தத்துவத்திலிருந்து கான்கிரீட் வரை வகுப்புகள் இருக்கின்றன. பார்க்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். நான்கு வார வகுப்பு ஒன்றை எடுத்து, முதல் இரண்டு வார அசைன்மென்ட்டை நீங்களே போட்டுப் பாருங்கள். வீடியோ பார்ப்பதோடு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது, எல்லாமே பார்க்கும்போது சுவாரசியமாகத்தான் இருக்கும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரியில் எது நடக்கிறது என்று விசாரியுங்கள். கொஞ்சம் தீவிரமாக இறங்க நினைத்தால் ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. எழுதியிருக்க வேண்டியதில்லை. இடையில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்குச் சான்றிதழ் உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டே இன்னொரு பட்டத்தை இணையவழியில் படிக்க 2022 முதல் யு.ஜி.சி.யும் அனுமதிக்கிறது.

இதையெல்லாம்விட நான் அதிகம் நம்புவது ஒன்று உண்டு. செமஸ்டர் விடுமுறையில் ஒரு வாரம், அந்த வேலையைச் செய்கிற ஒருவரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஊரில் ஒரு வக்கீல் இருப்பார், ஆடிட்டர் அலுவலகம் இருக்கும், பண்ணை வைத்திருக்கும் சித்தப்பா இருப்பார். அந்த வேலையின் சலிப்பான பகுதி எது என்று பாருங்கள். அந்தச் சலிப்பைத் தாங்க முடியும் என்று தோன்றினால், அந்த வேலை உங்களுக்குப் பொருந்தலாம்.

கோபத்தில் பாதியில் விடுவது

விடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் ஆண்டிலேயே வேறு படிப்புக்கு மாறி நன்றாக இருப்பவர்களைத் தெரியும். ஆனால் அதை நாள் பார்த்துச் செய்ய வேண்டும். யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் சிறு நடைமுறைக் கட்டணம் போகக் கட்டணம் முழுதாகத் திரும்ப வர வேண்டும். நாள் தள்ளத் தள்ள 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசி நாள் கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. கல்விக் கடன் இருந்தால் விலகும் முன் வங்கிக் கிளைக்குப் போய், திருப்பிக் கட்டுவது எப்போது தொடங்கும் என்று கேட்டுவிடுங்கள். மூன்றாம் ஆண்டு தாண்டியவருக்கு என் கருத்து ஒன்றுதான். முடித்துவிடுங்கள்.

வீட்டில் சொல்லாமல் மறைப்பது, அல்லது வெறும் கண்ணீரோடு சொல்வது

என்னிடம் படித்த ஒரு மாணவிக்குச் சட்டம் படிக்க ஆசை. மூன்றாம் ஆண்டு வரை வீட்டில் வாய் திறக்கவில்லை. அப்பா லாரி ஓட்டுநர், குடும்பத்தில் முதல் பட்டதாரி இவள். “சொன்னா உடைஞ்சுபோயிடுவாங்க மேம்” என்றாள். அழாமல் சொல்ல ஒரு தாள் எழுதச் சொன்னேன். என்ன படிப்பு, எத்தனை வருஷம், அரசுக் கல்லூரியில் எவ்வளவு கட்டணம், படித்தால் என்ன வேலை, கிடைக்காவிட்டால் என்ன செய்வாள். ஒரே பக்கம்.

பொங்கல் விடுமுறையில் அப்பா லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்த அன்று படித்துக் காட்டியிருக்கிறாள். முழுதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “இந்த இன்ஜினியரிங்க முடிச்சிட்டு அதப் படிக்கலாமா பாப்பா?”

படிக்கலாம் என்றாள். திரும்பி வந்த அன்று நிலுவையில் இருந்த இரண்டு தாளுக்கும் அரியர் ஃபீஸ் கட்டிய ரசீதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.