பழைய ராணுவ ரைஃபிள்: காசு கொடுக்கும் முன்

முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. ரஷ்ய மோசின்-நாகாந்த் 91/30 ஆகட்டும், பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு ஆகட்டும், மரக்கட்டையின் கீறல் விலையைத்தான் குறைக்கும், குறியைக் கெடுக்காது. பார்க்க வேண்டியது குழலை.

தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் நகரும் பாகத்தை) கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உள்ளே கறுப்பாகத் தெரிவது துருவாகவே இருக்க வேண்டியதில்லை, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிவைத்து கெட்டிப்பட்ட காஸ்மோலின் கிரீஸாகவும் இருக்கலாம். துணி விட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் நகர்ந்துவிடலாம். துடைத்தபின் சுரிவரிகளின் (குழலுக்குள் சுழன்றோடும் பள்ளங்களின்) விளிம்புகள் கூர்மையாக நிற்க வேண்டும். வாய்முனையில் மட்டும் மழுங்கியிருந்தால், முன்பக்கமாகவே கம்பி விட்டுத் துடைத்துத் தேய்த்திருக்கிறார்கள், குறி சிதறும்.

போல்ட்டில் பொறித்த வரிசை எண்ணும் துப்பாக்கி உடலில் பொறித்த எண்ணும் வேறா? தோட்டா அறையில் நோ-கோ கேஜ் (இடைவெளி அளவு மீறியதா என்று காட்டும் உலோகத் துண்டு) வைத்துப் பாருங்கள். அதன்மேல் போல்ட் முழுதாக மூடினால் வாங்காதீர்கள். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவே இடைவெளி மிகுந்தால் சுடும்போது தோட்டா உறை கிழியலாம்.

மலிவான பழைய தோட்டாக்கள் பலவற்றின் ப்ரைமர் (தோட்டாவின் அடியில் தீமூட்டும் பகுதி) குழலில் உப்பை விட்டுச்செல்லும். எண்ணெயில் அது கரையாது. அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, அதற்குப்பின் எண்ணெய்.