இதய சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் சிறுநீர்க் குழாய் பற்றிய பயத்தைக் கையாளுதல்

திருகோணமலைத் திருக்கடலூரைச் சேர்ந்த எனது பெரியப்பா நாற்பது வருடங்கள் கடலுக்குப் போனவர். நெஞ்செலும்பை அறுத்து பைபாஸ் செய்யவேண்டும் என்று வைத்தியர் சொன்னபோது அவர் கலங்காமல் தலையாட்டினார். ஆனால் அதற்கடுத்த கிளினிக் நாளில், வாங்கில் பக்கத்திலிருந்த ஒருவர் "சலம் போற வழியால குழாய் விடுவாங்கள், உயிர் போய் வரும்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவர், அன்றிரவே தனக்குச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டால் காசு, வயது, கொழும்புக்குப் போய்வரும் அலைச்சல் என்று எல்லாக் காரணங்களையும் சொன்னார். சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப் பாதை வழியாகச் சலப்பைக்குள், அதாவது சிறுநீர்ப்பைக்குள், செலுத்தும் அந்தக் குழாயைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. உண்மையான காரணம் வெளியே வர எங்களுக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன. இந்தப் பயம் வெட்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் இயல்புடையது என்பதால், அதைக் கையாள்வதில் முதல் வேலை அதை யாராவது ஒருவரிடம் சொல்வதுதான்.

சொல்லும்போது "குழாய் பயம்" என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்தக் கட்டத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். செலுத்தும்போது ஏற்படும் வலியா, அந்நியர் முன்னால் உடல் வெளிப்படுவதா, கண்விழிக்கும்போது குழாய் உள்ளே இருப்பதா, அதை எடுக்கும் நேரமா, அல்லது பிறகு ஆண்மைக்கோ சிறுநீர் கழிப்பதற்கோ கேடு வந்துவிடும் என்ற எண்ணமா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. பெரியப்பாவின் பயம் முழுவதும் முதலாவதில்தான் இருந்தது. விழிப்போடு படுத்திருக்கும்போது குழாயைச் செலுத்துவார்கள் என்றே அவர் நம்பியிருந்தார்.

வாங்கில் இருந்தவர் பொய் சொல்லவில்லை. புரொஸ்டேட் சுரப்பி வீங்கி, சிறுநீர் முற்றாக அடைபட்டு, சலப்பை வெடிக்கும் நிலையில் நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒருவருக்கு விழித்த நிலையில் குழாய் செலுத்தப்படும்போது அது கொடிய அனுபவமாகவே இருக்கக்கூடும். இதய சத்திரசிகிச்சையில் நடப்பது அதுவல்ல. வழமையாக, கையில் ஊசி ஏற்றி, மார்பில் கம்பிகளை ஒட்டி, முகமூடியால் ஒட்சிசன் கொடுத்து, மயக்க மருந்தைச் செலுத்துவார்கள். நீங்கள் உறங்கிய பிறகே மூச்சுக் குழாய், கழுத்து நாளத்துக்கான குழாய், சிறுநீர்க் குழாய் ஆகியவற்றைப் பொருத்துவார்கள். ஆயினும் "வழமையாக" என்ற சொல்லை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னர் உங்களைப் பார்க்க வரும் மயக்க மருந்து வைத்தியரிடம், "சிறுநீர்க் குழாயை நான் மயங்கிய பிறகுதானே போடுவீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். அவருடைய வாயால் கேட்கும் ஒரு "ஓம்", வீட்டார் சொல்லும் நூறு ஆறுதலுக்குச் சமம். பயம் மிகக் கடுமையாக இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். முன்கூட்டியே பதற்றம் தணிக்கும் மருந்து கொடுக்க முடியுமா என்பதை அவரே தீர்மானிப்பார்.

இடையில் ஒரு சொற்குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். சிறுநீர்க் குழாயை வைத்தியசாலையில் கதீற்றர் என்பார்கள். இதய நாடிகளைப் படம்பிடிக்கும் அஞ்சியோகிராம் பரிசோதனையில் மணிக்கட்டு அல்லது தொடையடி நாடியின் வழியாக இதயத்துக்குச் செலுத்தும் மெல்லிய குழாயையும் கதீற்றர் என்றே சொல்வார்கள். "கதீற்றர் போட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை" என்று ஒருவரும், "கதீற்றர் போட்டார்கள், செத்துப் பிழைத்தேன்" என்று இன்னொருவரும் சொன்னால், இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

பொருளைக் கண்ணால் பார்ப்பதும் கையால் தொடுவதும் உதவும். கிளினிக்கில் நேரமுள்ள ஒரு தாதியிடம் கேட்டால், ஒன்றைக் காட்டுவதற்குப் பெரும்பாலும் மறுக்கமாட்டார். வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 14 அல்லது 16 என்ற அளவுடைய குழாய். இந்த அளவில் ஓர் அலகு என்பது மில்லிமீற்றரில் மூன்றில் ஒன்று என்பதால், 16 என்ற எண்ணைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. அதன் தடிப்பு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர்தான், அதாவது பென்சிலைவிட மெல்லியது. இறப்பர் அல்லது சிலிக்கோனால் ஆனது, விரலில் சுற்றினால் வளையும். நுனியருகே சிறு பலூன் ஒன்று உண்டு. குழாய் சலப்பையை அடைந்த பிறகு அதில் ஏறக்குறைய 10 மில்லிலீற்றர் சுத்தமான நீரை நிரப்புவார்கள். குழாய் வழுக்கி வெளியே வராமல் அதுவே பிடித்துக்கொள்கிறது. தையலோ கொக்கியோ எதுவும் இல்லை.

ஏன் இது வேண்டும் என்பது புரிந்தால் பயத்தின் பாதி, வேண்டிய ஒன்றைப் பொறுத்துக்கொள்ளும் மனநிலையாக மாறிவிடும். இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது; ஆகவே இதயம் சோர்ந்தாலோ இரத்த அழுத்தம் இறங்கினாலோ, அதை முதலில் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் ஒன்று சிறுநீரின் அளவு குறைவதாகும். ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு மணிக்கு அரை மில்லிலீற்றர், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலீற்றராவது வருகிறதா என்று ஐ.சி.யு. என்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மணித்தியாலம் தோறும் அளந்து எழுதுவார்கள். இதை நான் பெரியப்பாவுக்கு விளக்கத் திணறிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்: "அப்ப எஞ்சின் தண்ணி துப்புதா எண்டு பாக்கிற மாதிரி." படகின் வெளிப்பொருத்து இயந்திரத்தின் பக்கத்துத் துளையால் நீர் பீறிட்டு வந்தால்தான் உள்ளே குளிர்விக்கும் பம்பி வேலை செய்கிறது என்று அறிவார்கள்; அது நின்றால் இயந்திரத்தை உடனே நிறுத்துவார்கள். இதைவிடச் சரியான உவமையை நான் எந்த வைத்தியரிடமும் கேட்டதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சத்திரசிகிச்சையின்போது இதயத்தினதும் நுரையீரலினதும் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தோடு இணைக்கும்போது உடலில் நிறைய நீர் சேர்வதால், சத்திரசிகிச்சைக்குப் பிறகு அதை வெளியேற்ற பியூரோசமைட் போன்ற மருந்துகளைக் கொடுப்பார்கள். அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்போடும், மார்பிலிருந்து தொங்கும் வடிகுழாய்களோடும் மணிக்கு இரண்டு தடவை எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது கண்விழிக்கும் நேரத்தைத்தான், ஏனெனில் நம்மவர்கள் ஆயத்தமில்லாமல் போவது அதற்குத்தான். விழிக்கும்போது பலருக்கு "சலம் முட்டுகிறது, உடனே போகவேண்டும்" என்ற உணர்வு பலமாக இருக்கும். சலப்பை உண்மையில் காலியாகவே இருக்கும். பலூன் அதன் அடிப்பாகத்தைத் தொடுவதால் மூளைக்கு அப்படியொரு செய்தி போகிறது. இதை அறியாதவர் எழ முயல்வார், முக்குவார், சிலர் அரை மயக்கத்தில் குழாயைப் பிடித்து இழுத்தும் விடுவார்கள். பலூனோடு இழுபட்டால் உள்ளே காயமும் இரத்தப்போக்கும் ஏற்படும். எனவே வீட்டிலிருக்கும்போதே ஒரு பயிற்சி செய்யுங்கள். சிறுநீரை அடக்கும்போது இறுகும் தசையை ஐந்து வினாடிகள் இறுக்கிப் பிடித்து, பிறகு மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி முழுவதும் தளர விடுங்கள். நாளுக்குச் சில தடவைகள் செய்தால், "தளர்த்துதல்" என்பது எப்படியிருக்கும் என்று உடலுக்குப் பழகிவிடும். விழித்தபின் அந்த முட்டல் வரும்போது முக்காமல், நீண்ட மூச்சை வெளியே விட்டு அதே தசையைத் தளர்த்துங்கள். உணர்வு அலைபோல ஏறி இறங்கும். அப்படியும் தணியாமல் அடிவயிறு வீங்கி வலித்தால் குழாய் மடிந்தோ அடைபட்டோ இருக்கலாம், ஆகவே தாதியை அழைக்க வேண்டும்.

அழைப்பது எப்படி என்பதுதான் சிக்கல். அந்நேரம் தொண்டையில் மூச்சுக் குழாய் இருப்பதால் குரல் வராது. மூச்சுக் குழாய் எடுத்த பிறகும், திருகோணமலையிலிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ போனவருக்கு மொழி ஒரு தடையாகலாம். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டால் அந்தக் கவலை இல்லை. ஆகவே முதல் நாளே வாட்டிலுள்ள தாதியிடம் ஓர் அடையாளத்தைப் பேசி வையுங்கள்: உள்ளங்கையால் அடிவயிற்றை இரண்டு தரம் தட்டினால் "சிறுநீர்க் குழாயில் ஏதோ சரியில்லை" என்று பொருள். அதையே சிங்களத்தில் ஒரு தாளில் எழுதுவித்து கிளினிக் கொப்பியோடு வைத்துவிடுங்கள். சிங்களம் அறியாதவர்கள் மூன்று சொற்றொடர்களையாவது பழகலாம்: "முத்ரா பட்டய" என்றால் சிறுநீர்க் குழாய், "ரிதெனவா" என்றால் வலிக்கிறது, "மட்ட பயய்" என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்றாவதைச் சொல்லத் தயங்கவேண்டாம்; அதைக் கேட்ட பிறகு பெரும்பாலான தாதியரின் கை மென்மையாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வெட்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். குழாய் போடுபவரும் அதைப் பராமரிப்பவரும் பெண்ணாக இருக்கவேண்டும் என்று ஒரு பெண்ணும், ஆணாக இருக்கவேண்டும் என்று ஓர் ஆணும் கேட்பதில் தவறில்லை. ஆளணி இருந்தால் செய்துதருவார்கள், ஆனால் கடைசி நேரத்தில் கேட்டால் முடியாமற் போகும். கிண்ணியா, மூதூர் பக்கத்து முஸ்லிம் நோயாளர்கள் சிலருக்குக் குழாயோடு தொழுவது எப்படி, சுத்தம் என்னாவது என்ற கவலையே பெரிதாக இருக்கும்; அதைப் படுக்கையில் கிடந்து யோசிப்பதைவிட, புறப்படுமுன் தமது மௌலவியிடம் கேட்டுத் தெளிவது நல்லது. இன்னும் சிலருக்கு இந்தப் பயத்தின் வேர் வைத்தியசாலையில் இல்லை. போர்க்காலத்தில் தடுப்பில் இருந்தவர்கள், உடலில் வன்முறைக்கு ஆளானவர்கள் நம் ஊரில் குறைவல்ல. அவர்கள் காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை. "பழைய சம்பவம் ஒன்றால் என் கீழுடலைத் தொடுவது எனக்குத் தாங்காது, ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத் தொடுங்கள்" என்ற ஒரு வசனம் போதும். அதைச் சொல்ல முடியாவிட்டால் கூட வருபவர் சொல்லலாம்.

வெட்கத்தால் மறைத்துவிடக் கூடாத சில விடயங்களும் உள்ளன. இரவில் அடிக்கடி எழும்புதல், சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போதல், புரொஸ்டேட்டுக்கு மாத்திரை எடுத்தல், முன்னர் எப்போதாவது சிறுநீர்ப் பாதையில் அடைப்போ சத்திரசிகிச்சையோ நடந்திருத்தல், சிறுநீர் கடுத்தல் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லுங்கள்; பாதை ஒடுங்கியிருந்தால் மெல்லிய குழாயையோ வேறு வழியையோ ஆயத்தமாக வைத்திருப்பார்கள். விளையாட்டுப் பலூன் ஊதும்போதோ இறப்பர்க் கையுறை போடும்போதோ உதடு வீங்கியோ தோல் தடித்தோ இருந்தால் அது இறப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம்; அதையும் சொல்லுங்கள், முழுச் சிலிக்கோன் குழாய் பயன்படுத்துவார்கள்.

குழாய் இருக்கும் நாட்களில் பை எப்போதும் சலப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் நிலத்தில் முட்டாமல் தொங்கவேண்டும்; முதல் தடவை எழுந்து நடக்கும்போது அதைத் தூக்கி மடியில் வைத்துவிட்டால் சிறுநீர் திரும்பிப் பாயும். குழாய் தொடையில் ஒட்டப்பட்டிருந்தால் இழுபடாது. மற்றப்படி சவர்க்காரமும் நீரும் போதும். நாட்கள் கூடக்கூடத் தொற்று ஏற்படும் வாய்ப்பும் கூடுவதால், சிக்கல் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் அகற்றிவிடுவார்கள். மூன்றாம் நாளும் இருந்தால் "இன்னும் தேவையா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை, அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

அகற்றுவது சில வினாடிகளில் முடிந்துவிடும். ஊசிக்குழலால் பலூனின் நீரை உறிஞ்சி எடுத்த பிறகு, நீங்கள் மூச்சை வெளியே விடும்போது மெதுவாக இழுப்பார்கள். எரிவோடு கூடிய ஒரு வழுக்கல், அவ்வளவுதான். பெரியப்பாவைக் கேட்டால், மார்பு வடிகுழாயை எடுத்ததுதான் தன்னை உலுக்கியது என்றும், அதைப் பற்றி ஒருவரும் தனக்கு முன்னரே சொல்லவில்லை என்றும் இன்றும் குறைபடுவார். முதல் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்கும்போது எரியும், சில வேளை இளஞ்சிவப்பாகவும் வரும். ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குள் போகாவிட்டால் சொல்லவேண்டும். ஸ்கான் செய்து பார்த்து, தேவையானால் குழாயைத் திரும்பவும் போடுவார்கள். அப்போது நீங்கள் விழித்திருப்பீர்கள் என்பதால், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல்லைப் போட்டுச் சில நிமிடங்கள் பொறுத்துச் செய்யும்படி கேளுங்கள். எரிவு தீர நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று பார்க்க வருபவர்கள் சொல்வார்கள். இதய நோயாளிக்கு நீர் அளவு கட்டுப்பாடு இருக்கலாம், ஆகவே வைத்தியர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்.

வீடு திரும்பும் நாளில் கொழும்பிலிருந்து வான் வாகனத்தில் வந்தால் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று மூன்று இடங்களிலாவது நிறுத்துவதாகச் சாரதியிடம் முதலே பேசிக்கொள்ளுங்கள். பயணத்துக்காகச் சிறுநீர் போக்கும் மாத்திரையைத் தாமாகவே தவிர்ப்பவர்கள் உண்டு, அதன் நேரத்தை மாற்றலாமா என்று வாட்டை விட்டு வெளியேறும்போதே வைத்தியரிடம் கேட்டுவிட்டால் அந்தத் தவறு நேராது. வந்த பிறகு காய்ச்சல், நடுக்கம், கலங்கிய அல்லது இரத்தம் கலந்த சிறுநீர், மூன்று நாட்களைக் கடந்தும் தீராத எரிவு ஆகியவை இருந்தால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு உடனே போங்கள். சில வாரங்களோ மாதங்களோ கழித்துச் சிறுநீர்த் தாரை மெலிந்துகொண்டு வந்தால், அதை வயதின் கணக்கில் எழுதிவிடாமல், குழாய் போட்டிருந்த விடயத்தையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.