சொல் இடறும் மேடை: பிரெஞ்சில் ஒரு குறுநாடகம் உருவாக்கும் முறை

நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து, சொல்விளையாட்டை மட்டும் நம்பி, பிரெஞ்சு மொழியில் பத்து நிமிட நாடகம் ஒன்றை உருவாக்க விரும்பினால், முதலில் கைவிட வேண்டியது பார்வையாளரைச் சிரிக்க வைக்கும் ஆசையைத்தான். இதைச் சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை. 1950ஆம் ஆண்டு பாரிஸில், இருபதுகளில் இருந்த இயக்குநர் நிக்கோலா பத்தாய் தம் சிறு குழுவுடன் நாடகாசிரியர் யூஜின் அயனெஸ்கோவின் ‘வழுக்கைத் தலைப் பாடகி’ நாடகத்தை ஒத்திகை பார்த்தபோது, முதலில் அதைக் கோமாளித்தனமாகவே நடித்துப் பார்த்தார்கள், அது எடுபடவில்லை. நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்துக்குரிய கனத்தோடு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் அதே வசனங்களைப் பேசிய பிறகுதான் அபத்தம் துலங்கியது. தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது என்பது போன்ற ஆங்கிலப் பாடப்புத்தக வாக்கியங்களிலிருந்து பிறந்த அந்த நாடகம், 1957 முதல் பாரிஸின் ஹூஷெத் என்னும் சிறிய அரங்கில் நடந்துவருகிறது.

எனவே, முதல் வேலையாக விளையாட்டே இல்லாத ஒரு சாதாரணக் காட்சியை எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேசலாம். தோழியைப் பார்க்க வந்தவள் கணவனின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கலாம். யாருக்கு என்ன வேண்டும் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும், ஏனென்றால் பின்னால் சொற்கள் கலையும்போது பார்வையாளர் பற்றிக்கொள்ளக் கிடைப்பது அந்த விருப்பம் ஒன்றுதான்.

அடுத்து ஒரு விதியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். மிக எளியது, ஒரு சொல்லின் இடத்தில் வேறொரு சொல்லை வைப்பது. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் தார்தியூ 1950களின் தொடக்கத்தில் ஒரு குறுநாடகம் முழுவதையும் இவ்விதம் எழுதினார். பாத்திரங்கள் பேசும் சொற்களில் பாதிக்குப் பொருளில்லை, ஆனால் நடப்பது அனைத்தும் புரிகிறது. இதைச் செய்யும்போது மாற்றுச்சொல்லின் பாலும் எண்ணும் மூலச்சொல்லோடு ஒத்திருக்கட்டும். வினையின் காலமும் அப்படியே நிற்கட்டும். பிரெஞ்சுக் காது இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பொருளை ஊகிக்கிறது. அதையும் குலைத்தால் மிஞ்சுவது வெறும் இரைச்சல்.

1960இல் தொடங்கப்பட்ட ஊலிப்போ என்னும் எழுத்தாளர் வட்டத்திடமிருந்து வேறொரு விதியை எடுத்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பதிலாக அகராதியில் அதிலிருந்து ஏழாவதாக வரும் பெயர்ச்சொல்லை வைப்பது. பெரிய அகராதி தரும் அரிய சொற்கள் மேடையில் விளங்காமல் போகும் என்பதால், பள்ளி மாணவர்களுக்கான சிறிய அகராதியையே பயன்படுத்துங்கள். ஒரு நீண்ட பேச்சுக்கு மட்டும் இது போதும். நாடகம் முழுவதும் நீண்டால் காது சலித்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது விதி. அதே வட்டத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகமாக வரும் உயிரெழுத்தை, அதாவது ஆங்கிலத்தில் நாம் ‘ஈ’ என்று படிக்கும் எழுத்தை, அறவே விலக்கி 1969இல் ஒரு முழு நாவலை வெளியிட்டார். நாவலில் கண்ணுக்குத் தெரியும் இந்த இல்லாமை மேடையில் காதுக்குத் தெரியாது. ஆகவே அதை அப்படியே எடுத்தாள்வதில் பயனில்லை. ஆனால் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் இந்தத் தடையை விதித்துப் பாருங்கள். ‘என்னிடம் இருக்கிறது’ என்று பொருள்படும் ‘ஜே’ என்பதை அவனால் சொல்ல முடியும். ‘நான் இருக்கிறேன்’ என்னும் ‘ஜ சுயி’ அவன் வாயில் வராது, ஏனென்றால் ‘ஜ’ எழுத்தில் அந்த உயிரோடுதான் முடிகிறது, ‘ஜே’யிலோ அது இல்லை. உடைமை உண்டு, இருப்பு இல்லை என்ற நிலையில் ஒரு மனிதன் மேடையில் நிற்கும்போது, பாத்திரப் படைப்பின் பாதி வேலையை இலக்கணமே செய்துவிடுகிறது.

சிலேடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தமிழ்ச் சிலேடை பெரும்பாலும் ஒரே எழுத்துத் தொடரை வேறு வேறாகப் பிரிப்பதால் எழுகிறது. பிரெஞ்சிலோ எழுத்து வேறாக இருந்தும் ஒலி ஒன்றாகிவிடுகிறது. பச்சை, கண்ணாடி, புழு, செய்யுளடி ஆகிய நான்கும் நான்கு விதமாக எழுதப்பட்டு, ‘வெர்’ என்று ஒரே விதமாக ஒலிக்கின்றன. இதனால்தான் தாளில் இறந்து கிடக்கும் சிலேடை அரங்கில் உயிர்பெறுகிறது. ‘இல் எ தூவெர்’ என்று கடைக்காரர் சொன்னால், கடை திறந்திருக்கிறது என்றும் கொள்ளலாம், அது முழுக்கப் பச்சையாக இருக்கிறது என்றும் கொள்ளலாம். ஆனால் முதற்பொருளில் ‘த்’ என்பது இணைப்பொலி, அதாவது வழக்கமாக ஒலிக்காத இறுதி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்து ஒலிப்பது; இதை அன்றாடப் பேச்சில் பலர் விட்டுவிடுவார்கள். எனவே இந்த வரியை உச்சரிப்பில் கண்டிப்பான, சற்றே பழைய பாணிப் பாத்திரத்துக்குக் கொடுப்பதே பொருத்தம்.

பிரதியைப் படிக்காத ஒருவரை ஒத்திகைக்கு அழைத்து, முடிந்ததும் கதையை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே சொல்லை மாற்றாமல், நடிகரின் குரலையும் பார்வையையும் முதலில் திருத்துங்கள்.

தலைப்பை மட்டும் கடைசிவரை முடிவுசெய்ய வேண்டாம். அயனெஸ்கோவின் நாடகத்தை ஒத்திகை பார்த்த பத்தாயின் குழுவில் ஒரு நடிகர், பொன்னிறக் கூந்தல் ஆசிரியை என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய்தவறி ‘வழுக்கைத் தலைப் பாடகி’ என்று சொல்ல, அந்த இடறலே நாடகத்தின் பெயராயிற்று. ஆகவே ஒத்திகையில் ஒருவர் குறிப்பேட்டுடன் உட்கார்ந்து, வாய்தவறி வரும் ஒவ்வொரு சொல்லையும் திருத்தாமல் எழுதிக்கொள்ளட்டும்.