பிக்கப் எஞ்சினில் டிக் டிக் சத்தம்: ஒயில் அழுத்தத்தை அளந்து காரணத்தைக் கண்டறியும் முறை

காலபோக அரிவி வெட்டு நடக்கும் மாதங்களில் வன்னியில் ஒரு பிக்கப் வாகனம் செய்யும் வேலை சாதாரணமானதன்று. வயலோரத்தில் எஞ்சினை நிறுத்தாமலே நெல் மூடைகளை ஏற்றி, புழுதி பறக்கும் கிரவல் வீதியில் முதலாம் இரண்டாம் கியரில் ஊர்ந்து வந்து, ஏ9 வீதியில் ஏறியதும் அதே பாரத்துடன் வேகமெடுக்க வேண்டியிருக்கிறது. இப்படி உழைக்கும் எஞ்சினிலிருந்து ஒரு நாள் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கத் தொடங்கினால், அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவதும் தவறு; யாரோ சொன்னார்கள் என்பதற்காக உடனே தடித்த ஒயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்குவதும் தவறு. முதலில் இரண்டு விடயங்களை அறிய வேண்டும்: சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னர் ஒயில் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது. முன்னது பழுதான பாகத்தைக் காட்டும். பின்னது அந்த வாகனத்தைக் கராஜ் வரை ஓட்டிச் செல்லலாமா, கட்டி இழுத்துத்தான் செல்ல வேண்டுமா என்பதைக் காட்டும்.

இவ்விரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒயில் போகும் வழியே விளக்கம். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி சம்ப் எனப்படும்; அதன் அடியிலுள்ள வடிவலை வழியாக ஒயிலை உறிஞ்சும் பம்ப், அதைப் பில்டருக்கும், அங்கிருந்து பிரதான ஒயில் வழிக்கும் அனுப்புகிறது. கீழ்ப்பகுதியிலுள்ள கிராங்க் பெயாரிங்குகளும் கொனெக்டிங் ரொட் பெயாரிங்குகளும் தமக்குரிய ஒயிலைப் பெற்ற பின்னரே, எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுக்கும் டப்பட்டுகளுக்கும் ஒயில் ஏறுகிறது. பெயாரிங்குக்கும் கிராங்குக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி வழியாக ஒயில் சிரமப்பட்டு வெளியேறுவதால்தான் அழுத்தம் உண்டாகிறது. அந்த இடைவெளி தேய்ந்து அகலும்போது அழுத்தம் விழுகிறது. ஒயில் கடைசியாகச் சென்று சேரும் இடம் ஹெட் என்பதால், அழுத்தம் குறையும்போது பல எஞ்சின்களில் முதலில் சத்தம் எழுப்புவதும் அதுவே. ஆனால் எல்லா டிக் சத்தமும் ஒயில் குறைவால் வருவதில்லை.

சாரதிகளிடையே மிகப் பரவலாக உள்ள தவறான நம்பிக்கை, சிவப்பு ஒயில் லைட் எரியவில்லை என்றால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்பதாகும். அந்த லைட்டை இயக்குவது ஓர் அளவுமானி அல்ல, ஒரு சுவிட்ச் மட்டுமே. பெரும்பாலான வாகனங்களில் அழுத்தம் ஏறத்தாழ 4 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அளவுக்கு வீழ்ந்த பின்னர்தான் அந்தச் சுவிட்ச் லைட்டை எரிய வைக்கும். பாரத்துடன் ஓடும் எஞ்சினுக்கு அந்த அளவு எவ்விதத்திலும் போதாது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது லைட் எரிந்தால், அடுத்த சந்தி வரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ணாமல், வீதியோரத்தில் ஒதுக்கி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். இன்னொன்றையும் நாள்தோறும் கவனியுங்கள்: திறப்பைத் திருப்பியதும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முன், அந்த லைட் எரிய வேண்டும். அப்போது எரியாவிட்டால் பல்போ வயரோ பழுது. அந்த வாகனத்துக்கு எச்சரிக்கையே இல்லை.

அடுத்தது டிப்ஸ்டிக். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடமாவது விட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்திருந்தால் கசிவையோ எரிவையோ தேடலாம். மட்டம் கூடியிருந்தால் அதைவிடக் கவலைப்பட வேண்டும், ஏனெனில் டீசல் ஒயிலுடன் கலக்கிறது என்பதற்கு அது வலுவான அறிகுறி. டிப்ஸ்டிக்கின் நுனியை முகர்ந்து பார்த்து, ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டுச் சில மணி நேரம் வையுங்கள். நடுவில் அடர்ந்த கறுப்புப் பொட்டாக நின்று, அதைச் சுற்றி எண்ணெய் வளையம் தனியாக விரிந்தால் ஒயில் அழுக்கைத் தாங்கும் திறனை இழந்துவிட்டது என்று கொள்ளலாம். பால் கலந்த தேநீரின் நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதன் பின்னர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

சத்தம் வரும் இடத்தைக் கண்டறிதல்

கேட்பதற்கு நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்று போதும். நுனியை எஞ்சினின் ஒரு பாகத்தில் அழுத்தி, பிடியைக் காதெலும்பில் வைத்தால் அந்தப் பாகத்தின் சத்தம் தெளிவாகக் கேட்கும். காற்றுக் கசிவைத் தேட ஒரு மீற்றர் நீள இறப்பர்க் குழாய் சிறந்தது. ஒரு முனையைக் காதருகே பிடித்து மறுமுனையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்த வேண்டும். ஓடும் எஞ்சினுக்கு மேல் சாரத்துடனோ தொங்கும் துண்டுடனோ குனிய வேண்டாம். விசிறியும் பெல்ட்டும் துணியை இழுத்தால் கையை எடுக்க நேரமிருக்காது.

கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் வால்வுப் பகுதியின் சத்தம் எஞ்சின் வேகத்தின் பாதியாக, சீரான, கூர்மையான தட்டலாக வரும். கீழ்ப்பகுதியின் சத்தமோ கனமாக, டொக் டொக் என்று, பாரம் ஏறும்போது வலுத்து வரும். ஹெட்டின் மேல்மூடியான ரொக்கர் கவரில் உரக்கவும் சம்பில் மெல்லவும் கேட்டால் மேலே. சம்பில் உரக்கக் கேட்டால் கீழே. பழைய டொயோட்டா ஹைலக்ஸின் 3எல், 5எல் எஞ்சின்களில் வால்வு இடைவெளியை ஷிம் என்னும் அளவுத் தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.20 முதல் 0.30 மில்லிமீற்றரும், புகை வெளியேறும் வால்வுக்கு 0.40 முதல் 0.50 மில்லிமீற்றரும் இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் சத்தம் வரும், குறைந்தால் சத்தமே இல்லாமல் வால்வு எரிந்துபோகும். ஆகவே சத்தமற்ற எஞ்சின் என்பதற்காக அளவெடுக்காமல் விடுவதும் நல்லதல்ல.

குளிர்ந்த எஞ்சினில் பலமாகக் கேட்டு, சூடேறியதும் குறைந்துவிடும் டிக் சத்தத்துக்கு எக்ஸோஸ்ட் மனிபோல்ட் கேஸ்கட் கசிவே பெரும்பாலும் காரணம். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குமிழி எழும். காலையில் இரண்டு மூன்று விநாடி மட்டும் கடகடத்து அடங்கினால் பில்டரைச் சந்தேகியுங்கள்: நல்ல பில்டரின் உள்ளே ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் இறப்பர் வால்வு இருக்கும், போலிப் பில்டர்களில் அது இல்லாமலோ கடினப்பட்டோ இருப்பதால் இரவு முழுவதும் ஒயில் சம்புக்கு வடிந்துவிடுகிறது. 3எல், மிட்சுபிஷியின் 4டி56 போன்ற எஞ்சின்களில் பிரேக்குக்கான வெக்கியூம் பம்ப் ஒல்டர்னேட்டரின் பின்புறத்தில் இருக்கிறது. அதன் தகடுகள் தேய்ந்தால் வால்வுச் சத்தம் என்றே பலர் ஏமாறுவர். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஒயில் ஒரு சிறு குழாயால் செல்கிறது. அந்தக் குழாய் வெடித்தால் சம்பு விரைவாக வெறுமையாகும் என்பதால், வெடிப்புக் கண்ட குழாயை அன்றே மாற்றுங்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் எஞ்சினில் ஒவ்வோர் இன்ஜெக்டர்க் குழாயின் நட்டையும் ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி, எந்தச் சிலிண்டரில் தளர்த்தும்போது சத்தம் மாறுகிறது என்று பார்க்கலாம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் செல்லும் கொமன் ரெயில் எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கு டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறக்கூடியது. அது தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். இன்ஜெக்டர் வயர்களிலும் உயர் மின்னழுத்தம் ஓடுவதால், அவ்வகை வாகனங்களில் சிலிண்டரைத் தனித்துச் சோதிப்பதை ஸ்கேனர் உள்ள கராஜிடம் விட்டுவிட வேண்டும்.

1கேடி என்னும் கொமன் ரெயில் டீசல் எஞ்சின் உள்ள ஹைலக்ஸ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சிறு சத்தம் ஒன்று முழு எஞ்சினையும் அழிக்கும் வழியை அங்கேதான் தெளிவாகக் காணலாம். ஒவ்வோர் இன்ஜெக்டரும் ஹெட்டில் அமரும் இடத்தில் ஒரு மெல்லிய செப்பு வாஷர் இருக்கிறது. அது கசியத் தொடங்கினால் காலையில் சக் சக் என்று மூச்சுவிடுவது போன்ற ஒரு தட்டல் கேட்கும். கசியும் எரிந்த வாயு வெளியே போவதில்லை. ரொக்கர் கவரின் உள்ளேயே பாய்ந்து, அங்குள்ள ஒயிலைக் கருக்கித் தாராக்குகிறது. அந்தக் கரிக்கட்டிகள் சம்புக்கு இறங்கி வடிவலையை மூடுகின்றன. வடிவலை மூடியதும் பம்புக்கு ஒயில் கிடைக்காது, பெயாரிங்குகள் காய்ந்து பிடிக்கும். வாஷரை மாற்றிவிட்டுச் சம்பைக் கழற்றாமல் விடுவது பாதி வேலையே. இத்தகைய வாகனத்தைப் புதிதாக வாங்குபவர் ஒயில் மூடியைத் திறந்து ரோச் அடித்துப் பார்க்கட்டும். உள்ளே மினுங்கும் கறுப்புப் பொருக்கு தெரிந்தால், வடிவலையைக் கண்ணால் காணும் வரை அதில் பாரம் ஏற்ற வேண்டாம்.

அழுத்தத்தை அளத்தல்

இதற்குத் தேவையானது எளிய மெக்கானிக்கல் கேஜ் ஒன்று. ஒயில் லைட் சுவிட்சின் வயரை எடுத்து, சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜின் குழாயைப் பூட்ட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஜப்பானிய வாகனங்களின் சுவிட்சுக்குப் பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குலப் பிரித்தானியக் குழாய்ப் புரி இருக்கும். அது ஓர் அங்குலத்துக்கு 28 புரி. கேஜ்களுடன் வரும் அமெரிக்கப் புரியோ 27. கையால் இரண்டு சுற்று நன்றாக ஏறி, பின் இறுகும். அதை ஸ்பானரால் திருகினால் புளொக்கின் புரி கிழிந்துவிடும். கையால் மூன்று நான்கு சுற்றுச் சீராக ஏறும் அடாப்டரைத் தேடிப் பெற்ற பின்னரே இறுக்க வேண்டும். குழாயை விசிறிக்கும் எக்ஸோஸ்ட்டுக்கும் எட்டாதபடி கட்டி, ஸ்டார்ட் செய்தவுடன் கசிவைப் பாருங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் எடுத்த அளவுக்குப் பெறுமதி குறைவு, ஏனெனில் குளிர்ந்த ஒயில் தடித்திருப்பதால் தேய்ந்த எஞ்சினும் நல்ல அளவைக் காட்டும். இருபது நிமிடமாவது வீதியில் ஓட்டிச் சூடாக்கிய பின்னர் எடுங்கள். 3எல், 5எல் எஞ்சின்களுக்கு ஐட்லிங்கில் 29 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 4.3 பிஎஸ்ஐயாவது இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் 245 முதல் 588 கிலோபாஸ்கல், அதாவது 36 முதல் 85 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும். வேறு எஞ்சின்களுக்கு அவற்றின் கையேட்டைப் பார்ப்பதே முறை. கையேடு கிடைக்காதபோது, ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கை ஒரு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

ஊசி எப்படி நகர்கிறது என்பதிலும் செய்தி இருக்கிறது. ஐட்லிங்கில் குறைந்து, சுற்று ஏறும்போது சரியான அளவுக்கு வந்தால் ஒயில் இளகியிருக்கிறது அல்லது பெயாரிங் தேயத் தொடங்கியிருக்கிறது. முதலில் ஒயிலையும் பில்டரையும் மாற்றி மறுபடி அளக்கலாம். எல்லா வேகத்திலும் குறைவாக நின்றால் பம்ப், திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு (மிகை அழுத்தத்தை விடுவிப்பது), பெயாரிங் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சுற்றைக் கூட்டும்போது ஏறிப் பின் விழுந்தாலோ ஊசி நடுங்கினாலோ பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, அல்லது வடிவலை அடைபட்டிருக்கிறது. அப்படிக் கண்டால், வேறெதையும் கழற்ற முன் வாகனத்தின் அடியில் படுத்துச் சம்பைப் பாருங்கள். குளக்கட்டு வீதியிலோ காட்டுப் பாதையிலோ கல்லும் மரக்குற்றியும் மோதிச் சம்பு உள்நோக்கி நெளிந்தால், தகடு வடிவலையின் வாயை நெருங்கி ஒயிலை மறித்துவிடும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது.

அழுத்தம் சரியான அளவில் இருந்தும் ஹெட்டில் சத்தம் வந்தால், கேஜ் பொய் சொல்கிறது என்று எண்ண வேண்டாம். கேஜ் காட்டுவது புளொக்கிலுள்ள அழுத்தத்தை மட்டுமே. ஹெட்டுக்குப் போகும் துளை அடைபட்டிருந்தால் அது கேஜில் தெரியாது. ரொக்கர் கவரைக் கழற்றி, கேம் ஷாஃப்ட் ஈரமாக இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்.

மாற்றிய பழைய பில்டரை எறியாதீர்கள். தகட்டை அரம்பத்தால் வெட்டினால் அரம்பத்தூளும் கலந்துவிடும். தகடு வெட்டும் கத்தரியோ பில்டர் வெட்டும் கருவியோ நல்லது. உள்ளேயுள்ள தாளை வெட்டியெடுத்து, ஒயிலைப் பிழிந்து, வெயிலில் மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு. ஒட்டாத வெள்ளி நிறப் பொடி பெயாரிங்கின் மேற்படையாகவோ பிஸ்டனாகவோ இருக்கலாம். செம்பு நிறம் மினுங்கினால் பெயாரிங் மேற்படையைத் தாண்டித் தேய்ந்துவிட்டது. அந்த நிறத்தைக் கண்டவர் எஞ்சினைத் திறப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிச் சமாளித்த மண் இது. அந்தத் திறமையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் ஒயில் மாற்றும்போது சம்பில் மண்ணெண்ணெயையோ டீசலையோ ஊற்றி எஞ்சினைக் கழுவும் வழக்கத்தைக் கைவிடுமாறு வேண்டுகிறேன். அது பழைய அழுக்கைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து வடிவலைக்கு அனுப்புகிறது. மீந்து நிற்பது புதிய ஒயிலையும் இளக்குகிறது. அழுக்கு மிகுந்த எஞ்சினுக்கு, தரமான 15டபிள்யூ-40 டீசல் ஒயிலை இரண்டு மூன்று முறை குறுகிய இடைவெளியில் மாற்றுவதே பாதுகாப்பான கழுவல்.

கீழ்ப்பகுதியில் கனமான தட்டல் கேட்டு, அழுத்தமும் குறைவாக இருந்தால் வாகனத்தை ஓட்ட வேண்டாம். மாங்குளம் முல்லைத்தீவு வீதியின் நடுவில் நின்றாலும் கட்டி இழுத்துச் செல்லும் செலவு, கிராங்க் ஷாஃப்டை லேத்தில் கடைந்தெடுக்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். அழுத்தம் சரியாக இருந்து, மேலே மட்டும் டிக் சத்தம் வந்தால், பாரமின்றி மெதுவாக ஓட்டிச் செல்லலாம்.

திருத்தம் முடிந்த பின்னர், பம்பும் ஒயில் வழிகளும் வெறுமையாக இருக்கும் என்பதால் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பழைய டீசல் எஞ்சினில் எரிபொருளை நிறுத்தும் சொலினொயிட்டின் வயரைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக இடைவெளி விட்டுக் கிராங்க் செய்து, கேஜில் ஊசி எழுந்த பின்னரே வயரைப் பூட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடி சூடாக்கி ஐட்லிங்கிலும் 3000 சுற்றிலும் அழுத்தத்தை எடுத்து, திகதி, கிலோமீற்றர், ஒயிலின் வகை ஆகியவற்றுடன் வாகனத்தின் சேர்விஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட அந்த எண்கள் தேவைப்படும்.