பிள்ளைக்காக வைத்தியம் பார்க்கும்போது மலையகத் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலியாணமாகி ஒரு வருஷம் போனால் லயத்தில் கேள்வி தொடங்கிவிடும். கேள்வி பெண்ணிடம்தான். விரதமும் அவளுக்கு, மருந்தும் அவளுக்கு. பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. அப்படியிருந்தும் மனைவிக்கு ஸ்கேன், ஹோர்மோன் டெஸ்ட், மாதக்கணக்கில் மாத்திரை என்று எல்லாம் முடிந்த பிறகுதான் கணவனைக் கூப்பிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை. விந்துப் பரிசோதனையில் வலி இல்லை, செலவும் குறைவு. அதை முதலிலேயே செய்துவிட வேண்டும். தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம், அறவே இல்லாமலும் இருக்கலாம். அதனால் இதில் மானப் பிரச்சினைக்கு இடமே இல்லை.

அந்த டெஸ்டிலும் மாதிரி கொடுப்பதில்தான் பிழை நடக்கிறது. 2 முதல் 7 நாள் வரை உறவைத் தவிர்த்திருக்க வேண்டும். சவர்க்காரம், தேங்காய் எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். தோட்டத்து வீட்டில் எடுத்து, மார்கழிக் குளிரில் பஸ் ஏறி ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோனால் ரிப்போர்ட்டை நம்ப முடியாது. ஆய்வுகூடத்திலேயே இடம் கேட்டு எடுத்துக் கொடுங்கள். ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தால் அதோடு இடிந்துபோகவும் வேண்டாம். புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் அளவில் ஆகும். இடையில் வந்த கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

குடும்பக் கட்டுப்பாட்டு விவரத்தை டாக்டரிடம் மறைப்பது அடுத்த தவறு. மூன்று மாத ஊசி போட்டிருந்தால், நிறுத்திய பிறகும் கரு தங்கச் சில பெண்களுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். அது நோயல்ல. எல்.ஆர்.டி. (கருக்குழாயைக் கட்டி வெட்டும் கருத்தடைச் சத்திரசிகிச்சை) செய்த பெண் மறுமணம் செய்துகொண்டு, மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று சொல்லாமல் இருந்தால் நிலைமை வேறு. கருக்குழாய் மூடியிருக்கும்போது முட்டை வளரக் கொடுக்கும் குளோமிஃபீன் எத்தனை மாதம் விழுங்கினாலும் பயனில்லை. அவளுக்குள்ள வழி இரண்டுதான்: குழாயை மறுபடி இணைக்கும் சத்திரசிகிச்சை, அல்லது முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். கணவனுக்கு முன்னால் சொல்லத் தயங்கினால் டாக்டரிடமோ மிட்வைஃபிடமோ தனியாகச் சொல்லுங்கள்.

கிளினிக் போனால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும். ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். கடந்த சில மாதங்களின் மாதவிடாய்த் தேதிகளையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள். சில டெஸ்ட்களை மாதவிடாயின் 2ஆம், 3ஆம் நாளில்தான் செய்வார்கள். 35 வயது தாண்டிய பெண்கள் பிள்ளைக்கு முயன்று ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம், ஆறு மாதம் போதும். மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் உடனேயே போகலாம். நேர்த்திக்கடன் வைப்பவர்கள் வையுங்கள், அதற்காகக் கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஐ.வி.எஃப். வரை போகிறவர்கள், காசு கொடுத்தாயிற்றே என்று இரண்டு மூன்று கருவை வைக்கச் சொல்வதுண்டு. இரட்டையாய்த் தங்கினால் குறைமாதப் பிரசவ ஆபத்து கூடும். பெரிய வைத்தியசாலைக்கு மலைப்பாதையில் மணிக்கணக்காய் இறங்கவேண்டிய தோட்டத்தில் அது சின்ன விஷயமல்ல. ஐந்து நாள் வளர்ந்த நல்ல கரு ஒன்று போதுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். கரு வைத்த பிறகு கட்டிலோடு கிடப்பதால் நன்மை இல்லை. நடந்தால் கரு விழுந்துவிடாது. கொழுந்து சுமப்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முட்டை பழுக்கப் போடும் எச்.சி.ஜி. ஊசி சில நாள் உடம்பில் நிற்கும். அவசரப்பட்டு வீட்டில் கர்ப்ப டெஸ்ட் செய்தால் பொய்யாய் இரண்டு கோடு காட்டலாம். டாக்டர் குறித்த நாள் வரை பொறுங்கள். அதற்குமுன் இரத்தம் பட்டாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முட்டை எடுத்த பின் வயிறு வேகமாக ஊதினால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், சிகிச்சை தந்த கொழும்பு கிளினிக் திறக்கும்வரை விடியக் காத்திருக்காதீர்கள். கையில் இருக்கும் ரிப்போர்ட்டுகளோடு பக்கத்திலுள்ள ஆதார வைத்தியசாலைக்கு அந்த இரவே போய், என்ன ஊசி எப்போது போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.